தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்த பிரசவம்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் நர்ஸ் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். என்னைப் பார்த்ததுகூட இல்லை.

"மேடம், ஒரு பேஷன்ட் ரொம்ப சீரியஸா இருக்காரு. பிள்ளைங்களுக்கு வீடியோ மெசேஜ் எடுத்து வைக்கலாம்னு ஸ்டாண்டெல்லாம் வச்சு போன மாட்டிட்டேன். ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சதும் மனுஷன் தலைய வாரிட்டு நேரா உக்காந்து, 'எல்லாரும் நல்லா இருக்கணும்'னு கும்பிடு போடறாரு. திரும்பத் திரும்ப எடுத்தாலும் அதேதான். எலக்‌ஷன்ல நிக்கிறவரு மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல நீங்கள்லாம் உக்காந்து எழுதி வாங்குவீங்களாமே, எப்படி வாங்குவீங்க?"

"போன மூடி வச்சிட்டு, அவரு பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரி" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி கிண்டல்தான். மீதிப் பாதியை போனில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவளும் அவர்களில் ஒருத்திதான்.

நான் பழநி அடிவாரத்துக்காரி. அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. தைப்பூசக் கூட்டத்தில் வளர்ந்தவளுக்குக் கூச்சமும் கிடையாது, மெதுவாகப் பேசவும் வராது. மதுரையில் நர்ஸிங் படித்தேன். அந்த வருடங்களில் இப்போது நினைவில் நிற்பவை இரண்டு. ஒன்று, படுக்கை விரிப்பை மூலையில் சுருக்கமில்லாமல் மடிக்கிற வித்தை. மற்றது, ஹாஸ்டல் சாம்பார். வேலை கிடைத்தது கொடைக்கானல் டவுனைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். முதல் மார்கழியில் பாட்டிலில் இருந்த தேங்காயெண்ணெயோடு சேர்ந்து நானும் உறைந்துபோனேன். ராஜினாமா எழுதி வைத்தேன். கொடுக்கத்தான் நேரம் வரவில்லை.

கவுஞ்சி, போளூர், பூம்பாறை என்று மேல்மலை ஊர்களிலிருந்தெல்லாம் எங்களிடம் வருவார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார்கள். நாங்கள் மதுரைக்கு அனுப்புவோம். மதுரையில் பார்த்துவிட்டு, இனி ஊரிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கென்றே ஓரத்தில் ஒரு வார்டு இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அந்த வார்டில்தான் 'எழுத்து' நடக்கும்.

அதை ஆரம்பித்தவர் எங்கள் தலைமை நர்ஸ், மேட்ரன் அம்மா. திண்டுக்கல்காரர். உயரமானவர், சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். காது கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் நடுங்குவோம். வீடு திரும்பமாட்டோம் என்று தெரிந்துவிட்ட நோயாளிகளில் யாருக்காவது தன் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்து எழுதித் தர வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். நாலு மணி நாடி பார்த்து, டீ கொடுத்த பிறகு எழுத்து. அந்த நேரத்தில் மதியத் தூக்கம் கலைந்திருக்கும், பார்க்க வருகிறவர்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள், மேகமும் ஜன்னல்வரை ஏறியிருக்காது.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பேனாவை முதலில் காட்டக்கூடாது. நோயாளிக்கு எதிரே உட்காரக்கூடாது. "எதிர்ல உக்காந்தா போலீஸ் ஸ்டேஷன்டி. பக்கத்துல உக்காரு" என்பார். கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். துவைத்துக் காய்ந்த பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருப்போம். அவர்களாகப் பேச ஆரம்பித்தால் சுருட்டுவதை நிறுத்தக்கூடாது. 'அப்புறம்?' என்று கேட்கக்கூடாது. அவர்களே 'இத எழுதிக்கங்க' என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்கலாம். அழுதால் உடனே தண்ணீர் நீட்டக்கூடாது. "தண்ணியோட சேந்து பேச்சும் உள்ள போயிரும்" என்பது அவர் வாதம். அவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுத வேண்டும். நம் வார்த்தை ஒன்றுகூடச் சேரக்கூடாது.

முடிந்ததும் மேட்ரன் அம்மாவே வருவார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, நோயாளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எழுதியதை ஏற்ற இறக்கமில்லாமல் உரக்கப் படிப்பார். முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் கேட்கிறவர்கள் அழவோ சிரிக்கவோ முடியும் என்பார். படித்து முடித்து, "இது நீங்கதானா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் கையெழுத்தோ கைரேகையோ.

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியும் தேறாதவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், ஒழுக்கம், கடமை, காலந்தவறாமை என்று தலைப்புப் போட்டு மகனுக்குப் பக்கம் பக்கமாகச் சொன்னார். எனக்குக் கை வீங்கிப்போனது. அவர் போன பிறகு மகன் வந்து வாங்கிப் படித்துவிட்டு, "இதுல எங்கப்பா எங்க சிஸ்டர்?" என்று கேட்டான். அதற்கு நேர்மாறாகக் கவுஞ்சியிலிருந்து வந்த பூண்டு விவசாயி ஒருவர். "எனக்கு என்ன சோலி இருக்கு சொல்ல?" என்று தினமும் கையை விரித்தவர், ஒரு நாள் திடீரென்று மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருந்த தன் காட்டை மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குவரை சொல்லிக்கொண்டு வந்தார். எந்த அடுக்கில் எந்த மழைக்குக் கல்கட்டு சரிந்தது, அன்றைக்கு யார் யார் கல் தூக்கினார்கள், யாருக்குக் கால் நசுங்கியது, எல்லாம். கடைசியில், "ஏலே, மூணாவது அடுக்குல உங்காத்தா நட்ட பேரி மரம் கெடக்கு. காய்க்காட்டியும் வெட்டாதீக" என்றார். இரண்டு மகன்களும் அதைக் கேட்டுத் தேம்பியதை நான் பார்த்தேன். மனிதர்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பிரமிப்பு அன்றைக்குத்தான் எனக்குத் தொடங்கியது. ராஜினாமாவைக் கிழித்துப்போட்டேன்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது பூரணத்தைப் பற்றி.

பூரணத்துக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவள். ரொட்டியைப் பாண் என்பாள், வார்டே சிரிக்கும். அப்பா, அம்மா இங்கே வந்த சில வருடங்களிலேயே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கூட வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துவிட்டன. மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை. கட்டினவனும் அதே வேலை, மரம் சாய்ந்து விழுந்து இறந்தான். அப்போது இவள் முழுகாமல் இருந்தாள். மிச்சம் இருந்த உறவு ஒரே தங்கை, கனகம்.

பூரணத்துக்கு இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் வேலை. பிரசவம் அதை இன்னும் மோசமாக்கிவிட்டது. ஆபரேஷன் தாங்காது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மலைக் காற்று இவளுக்கு ஆகாது, கீழே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் எங்கள் டாக்டர். கீழே யார் இருக்கிறார்கள்?

அவளால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முன்னால் ஒரு சின்ன மேஜை போட்டு, அதன்மேல் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருப்பாள். அவளுக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்கத் துடிப்பை எண்ண வேண்டும். குறைந்திருந்தால் மாத்திரை கிடையாது. நான் எண்ணும்போது அவள் பேச்சை நிறுத்திவிட்டு, பரீட்சை எழுதியவள் மார்க்குக்குக் காத்திருக்கிற மாதிரி என் முகத்தையே பார்ப்பாள். "இருக்கா சிஸ்டர்?" என்பாள். "இருக்கு, இருக்கு. எங்க போகப்போகுது" என்பேன். அந்த நெஞ்சுக்குள் கேட்ட சத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

குழந்தை அப்போதுதான் கட்டிலைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தது. கனகம் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தினமும் வருவாள். கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் அவளுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அவள் புருஷனுக்குக் கன்னிவாடிப் பக்கம் ஒரு தோப்பில் காவல் வேலை கிடைத்திருந்தது. அக்காள் காரியம் முடிந்ததும் குழந்தையோடு அங்கே போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. 'அக்காள் காரியம்' என்பதை அக்காளுக்கு முன்னாலேயே பேசினார்கள். பூரணம்தான் திட்டமே போட்டாள்.

ஒரு நாள், நான் துணி சுருட்டிக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், எம்புள்ளைக்கு எழுதணும்" என்றாள் பூரணம். "நாளைக்கு உக்காருவோம்" என்றேன்.

கனகம் என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், எழுதாதீங்க. உங்க கால்ல விழுறேன்."

"ஏன்டி?"

"இது நாளைக்குப் படிக்கும்ல. படிச்சிட்டு என்னைய அம்மான்னு கூப்பிடுமா? நாங்க போற எடத்துல எங்கள யாருக்கும் தெரியாது. இது எம்புள்ளையாவே வளரட்டும். அக்கா நல்லவதான். ஆனா ஒரு காயிதம் இருந்தா, அது என்னைக்காச்சும் அவ புள்ளைதான சிஸ்டர்?"

ஒரு பக்கம், சாகப்போகிற தாய் தன் பிள்ளையின் நினைவில் ஒரு மூலையாவது கேட்கிறாள். இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கப்போகாத ஒருத்தி. நேரே மேட்ரன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் குரல் இறங்கியது.

"வராந்தாவுல கேட்டத வார்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. யாருக்கு எழுத்தோ அவளுக்குத்தான் உரிமை. போய் உக்காரு."

மறுநாள் நாலு மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் துணியைச் சுருட்டுகிற வேகத்தைப் பார்த்தே பூரணத்துக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"தங்கச்சி உங்ககிட்ட அழுதாளா?"

நான் இன்னும் வேகமாகச் சுருட்டினேன்.

"சொல்ல வேணாம். அவள எனக்குத் தெரியாதா? நாந்தான் வளத்தேன்." மூச்சு வாங்கினாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். நாலு வார்த்தை, ஒரு மூச்சு, மறுபடி நாலு வார்த்தை. "பேனாவ எடுங்க சிஸ்டர்."

எடுத்தேன். "அன்புள்ள மகளுக்குன்னு போடவா?"

"மகளுக்கு இல்ல. கனகத்துக்கு."

எனக்குப் புரியவில்லை.

"புள்ள வளந்து கேக்கும்ல, நான் எப்படிம்மா பொறந்தேன்னு? எல்லாப் புள்ளையும் கேக்கும். பெத்தவளுக்குத்தான சிஸ்டர் அது தெரியும். கனகத்துக்குத் தெரியாதுல்ல. அவ திருதிருன்னு முழிச்சா புள்ளைக்குச் சந்தேகம் வரும். அதான், எனக்கு நடந்ததையெல்லாம் அவளுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். அவ அவளுக்கு நடந்ததாச் சொல்லிக்கட்டும்."

எத்தனையோ பேர் பிள்ளைகளுக்குத் தங்களை எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். தன்னை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்த ஒரு மனுஷியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இவளுக்குக் கைகூப்ப வேண்டும் என்று தோன்றியது. மேட்ரன் அம்மாவின் சட்டத்தில் அதற்கு இடமில்லாததால் எழுதினேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதியதில் எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருப்பது இது: "வெள்ளனே எந்திரிக்கும்போதே முதுகுல வலி. பட்டை உரிக்கக் குனிஞ்சேன், நிமிர முடியல. வலி முதுகுல ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் சுத்தி வந்து, அடிவயித்துல முடிச்சுப் போடும். அப்புறம் அவுந்துக்கும். போளூர்லருந்து கேரட் லாரி வந்துச்சு, மூட்டை மேல ஏத்திவிட்டாக. கூட ஒரு பொம்பளையாளு. டிரைவரண்ணன் ஒவ்வொரு வளைவுலயும் 'இருக்கியா தாயி'ன்னு கத்துவாரு. நான் 'இருக்கேன்'னு கத்துவேன். கடைசி வளைவுல நான் கத்தல, நீ கத்துன."

'நீ' என்றது பிள்ளையை, கனகம் நாளைக்கு அதனிடம் அப்படியே சொல்ல வேண்டுமே. அந்த இடத்தில் அவளே சிரித்தாள். சிரித்தால் மூச்சு முட்டும், இருந்தும் சிரித்தாள். பால் மூன்று நாள் கட்டிக்கொண்டு வராதது, குழந்தை காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் என்பது, முதல் பல் முளைத்ததைக் கடிபட்டுத் தெரிந்துகொண்டது என்று பல நாள் சொன்னாள். பிரசவத்தின்போது கனகம் கவுஞ்சியில் கூலி வேலையில் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். அதனால் அவளுக்கு இதில் எதுவுமே தெரியாது.

முடிந்ததும் கனகத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தோம். அவளுக்குச் சரியாகப் படிக்க வராது. மேட்ரன் அம்மா வந்தார். வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஆனால் உட்காரவில்லை. முதல் வரியைக் கண்ணால் பார்த்தவர், நின்றபடியே முழுவதையும் படித்தார். கோயிலில் நிற்பதுபோல நின்றார். முடித்த பிறகு, "இது நீங்கதானா?" என்று கேட்கவும் இல்லை. காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கனகம் அக்காவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பூரணம் அவளை அதிக நேரம் அழவிடவில்லை. "எந்திரி. வெரசா சொல்லு பாப்போம். எனக்கு நேரம் கெடக்கா?"

அடுத்த சில நாள் அந்த வார்டில் நடந்தது பள்ளிக்கூடம். நான் ஒரு வரி படிப்பேன், கனகம் திருப்பிச் சொல்வாள், பூரணம் திருத்துவாள்.

"அக்காவுக்கு முதுகுல வலி வந்துச்சு..."

"அக்காவுக்கு இல்லடி. எனக்குன்னு சொல்லு."

"எப்படிக்கா சொல்லுவேன்?"

"வாயால சொல்லு."

கனகத்துக்கு வரவேயில்லை. 'எனக்கு' என்ற வார்த்தைக்கு வந்ததும் நின்றுவிடுவாள். கடைசியில் பூரணம் மேஜையிலிருந்து எழுந்து நிமிர்ந்தாள். அவளுக்கு அது மலை ஏறுகிற வேலை. தங்கையைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவள் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். "இங்க ஆரம்பிக்கும்." கையை விலா ஓரமாக மெதுவாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். "இப்படி வரும்." அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். "இங்க முடியும். தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"யாருக்கு வலிச்சுச்சு?"

கனகம் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு" என்றாள்.

என் கையிலிருந்த துணிச்சுருள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் குனிந்து எடுக்கவில்லை. ஒரு வலி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மருத்துவத்தில் எத்தனையோ அதிசயம் வந்துவிட்டது, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அந்தச் சாயங்காலத்துக்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒன்னைப் பத்திக் கேட்டா என்னக்கா சொல்ல?" என்று கனகம் பிறகு கேட்டாள்.

"பெரியம்மா ஒருத்தி இருந்தா, பாணுன்னா உசுர விடுவான்னு சொல்லு. போதும்."

எல்லாம் மனப்பாடமானதும், அந்தக் காகிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடச் சொன்னாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எழுதுறது வச்சிருக்கத்தான? எரிக்கவா நான் இத்தனை நாளு எழுதினேன்?" என்று சத்தம் போட்டேன். "அவகிட்ட இருக்குல்ல சிஸ்டர்" என்றாள் பூரணம். மேட்ரன் அம்மாவிடம் முறையிட்டேன். "அவ எழுத்து, அவ இஷ்டம்" என்றார். நான்தான் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். சில நாளில், ஒரு காலை, ஜன்னலில் வெயில் வந்த நேரத்தில், மேஜைமேல் சாய்ந்தபடியே பூரணம் போய்விட்டாள். கனகமும் புருஷனும் குழந்தையோடு மலை இறங்கினார்கள். அதன்பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. மேட்ரன் அம்மா காலமாகி, நானே அந்த நாற்காலியைத் திருப்பிப் படிக்கிறவளாகி, ஓய்வும் பெற்று, பழநிக்கே திரும்பிவிட்டேன்.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகக் கன்னிவாடி போயிருந்தேன். கடைவீதியில் நரைத்த தலையோடு ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சிஸ்டர்தான? என்னயத் தெரியுதா?" குரலில்தான் கனகத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. எதை எங்கே தொடுவது என்றும் தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"மக கல்யாணத்துக்கு முன்னால அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் சிஸ்டர். அக்கா சொல்லவே வேணாம்னுதான் போனா. எனக்கு மனசு கேக்கல. இம்புட்டையும் குடுத்தவள ஒருத்தரும் தெரியாமலே போறதான்னு இருந்துச்சு."

"என்ன சொன்னா?"

"ரெண்டு நாளு பேசல. நான் செத்துட்டேன்னு வச்சுக்கங்க. அப்புறம் வந்து, அவுக எப்படி இருப்பாகன்னு கேட்டா. போட்டோவா இருக்கு? போயி கண்ணாடியப் பாருன்னேன்."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர். பேரு மட்டும் வேணாம். அவளுக்கு இப்ப ஒரு புள்ள இருக்கு, அது படிக்கட்டும்" என்றாள். டீயை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தை மாசம் அவளுக்குப் பிரசவம். திண்டுக்கல்லுல சேத்திருந்தோம். வலி எடுத்துருச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டு, நெரிக்கிறா. நெரிச்சுக்கிட்டே, 'அம்மா, என்னயப் பெத்தப்ப ஒனக்கு எந்த எடத்துலம்மா வலிச்சுச்சு'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

கனகம் பெஞ்சில் அரைவட்டமாகத் திரும்பினாள். தன் கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குச் சற்று மேலே அழுத்தினாள். அவள் முகம் சுருங்கியது, நடிப்பில்லை, எனக்குப் பிரசவ முகம் தெரியும். "இங்கதான்டி ஆரம்பிச்சுச்சுன்னு காட்டினேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் தெரிஞ்சேதான் கேட்டா சிஸ்டர்."